புரண்டு படுக்கவே முடியாத மாதங்கள்: லண்டனில் ஆஸ்டியோபதிக்குப் போன அனுபவம்

கர்ப்பத்தில் ஏழாம் மாதம் தொடங்கியதும் எனக்குப் படுக்கையில் புரண்டு படுப்பதே பெரும்பாடாகிவிட்டது. இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பினால், முன்பக்கம் அடிவயிற்றுக்குக் கீழே இரண்டு இடுப்பெலும்பும் சேரும் இடத்தில் சுரீரென்று ஒரு வலி, பின்னால் புட்டத்துக்கு மேலே ஒரு ஓரத்தில் இன்னொரு வலி. படி ஏறினால் வலி, ஒற்றைக்காலில் நின்று பேண்ட் போட்டால் வலி, காரிலிருந்து ஒரு காலை மட்டும் வெளியே வைத்து இறங்கினால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அம்மாவிடம் போனில் சொன்னால், “எல்லாருக்கும் வர்றதுதான் கண்ணு, வெந்நீர் ஒத்தடம் குடு” என்பாள். கர்ப்பத்தையும் பிரசவத்தையும் இங்கே கவனித்துக்கொள்ளும் மிட்வைஃப்தான் அதற்குப் பெயர் சொன்னார்: பெல்விக் கேர்டில் பெயின், அதாவது இடுப்பெலும்பு வளைய வலி. கர்ப்பிணிகளில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு வருமாம். பிசியோவுக்கு எழுதிப் போட்டார், ஆனால் முறை வர ஆறேழு வாரம் ஆகும் என்றார்கள். அதற்குள் ஒன்பதாம் மாதமே வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் காசு கொடுத்து ஆஸ்டியோபாத்திடம் போனேன்.

போனது நல்லதா என்று யாராவது கேட்டால் “ஆமாம், ஆனால்...” என்றுதான் சொல்வேன். அந்த “ஆனால்” கொஞ்சம் நீளமானது.

முதலில் ஆஸ்டியோபதி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் முதுகுவலி என்றால் எலும்பு டாக்டர், இல்லாவிட்டால் பிசியோ, அதுவும் இல்லாவிட்டால் வர்ம வைத்தியர் என்றுதான் போவோம். அமெரிக்காவில் மிசௌரியைச் சேர்ந்த ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர், தன் பிள்ளைகளில் மூன்று பேரை 1864இல் மூளைக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்தபின், அந்தக் கால மருந்துகள்மீது நம்பிக்கை இழந்து, எலும்பு, தசை, மூட்டு இவற்றைக் கையால் சரிசெய்வதை மையமாக வைத்து 1874இல் அறிவித்த முறை இது. 1892இல் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் பள்ளி தொடங்கியபோது முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார், அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். பிறகு அமெரிக்காவில் இந்தப் படிப்பு முழு மருத்துவப் படிப்பாக வளர்ந்துவிட்டது. அங்கே டி.ஓ. பட்டம் வாங்கியவர் மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சையும் செய்வார். பிரிட்டனில் கதை வேறு. இங்கே ஆஸ்டியோபாத் என்பவர் டாக்டர் அல்ல, கையால் சிகிச்சை செய்பவர், மருந்து எழுத மாட்டார். ஆனால் 1993ஆம் வருடச் சட்டப்படி, ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு செய்யாதவர் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வதே குற்றம். பெயரை அந்தக் கவுன்சிலின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். நான் அதைப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தேன். நீங்களும் பாருங்கள். “பத்து வருஷ அனுபவம், ரொம்ப ராசியான கை” என்று யார் சொன்னாலும் பதிவேட்டில் பெயர் இல்லாவிட்டால் கர்ப்ப வயிற்றோடு அங்கே போய்ப் படுக்காதீர்கள்.

போனில் நான் கேட்டது மூன்றே கேள்வி. கர்ப்பிணிகளை அடிக்கடி பார்ப்பீர்களா, பெண் ஆஸ்டியோபாத் இருக்கிறாரா, உடையைக் கழற்ற வேண்டுமா. மூன்றாவதைக் கேட்கத் தயங்கினேன். ஆனால் நம் பெண்கள் பலர் இங்கே பிசியோவுக்குக்கூடப் போகாமல் வலியைப் பொறுத்துக்கொண்டு இருப்பதற்கு இதுதான் காரணம். லெகிங்ஸும் தளர்வான டீ-ஷர்ட்டும் போட்டுக்கொண்டு வந்தால் போதும், வேண்டுமானால் கணவரையோ வேறு யாரையோ கூடவே உட்கார வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். கட்டணம் அப்போது ஒரு தடவைக்கு 65 பவுண்டு. இதை அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. “ஏழாயிரம் ரூபா குடுத்து முதுகத் தடவிட்டு வர்றியா?” என்று ஆரம்பித்தது பிள்ளை பிறந்த பிறகும் ஓயவில்லை.

முதல் தடவை பாதி நேரம் கேள்வியிலேயே போனது. இரத்தக்கசிவு உண்டா, இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன், சர்க்கரை, பிரஷர், நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, ஒரு பக்கக் காலில் மட்டும் வீக்கம் இருக்கிறதா, சிறுநீர் போவதில் சிரமம் உண்டா. நான் பேச்சோடு பேச்சாக வலது விலாவுக்குக் கீழே கூட ஒரு மாதிரி பிடித்துக்கொள்கிறது என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, கடைசியாக மிட்வைஃப் எடுத்த பிரஷர் எவ்வளவு என்று கேட்டு, என் போனில் இருந்த கர்ப்பக் குறிப்பைத் திறந்து காட்டச் சொல்லி, தலைவலி உண்டா, கண்முன் பூச்சி பறப்பதுபோல் இருக்கிறதா என்று விசாரித்த பிறகுதான் மேலே போனார். விலாவுக்குக் கீழே வரும் வலி ப்ரீஎக்லாம்ப்சியாவின், அதாவது கர்ப்பத்தில் பிரஷர் ஏறும் ஆபத்தான நிலையின், அறிகுறியாகவும் இருக்கலாம் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். எனக்கு அது வெறும் தசைப்பிடிப்பு. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதற்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது. எதுவும் விசாரிக்காமல் நேரே மேசையில் ஏறிப் படுங்கள் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அப்புறம் நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாகத் தூக்கச் சொன்னார். இடது காலில் நின்றால் இடுப்பு ஒரு பக்கம் சரிவது எனக்கே கண்ணாடியில் தெரிந்தது. இடுப்பில் மூன்று இணைப்புகள், முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கர்ப்பத்தில் தசைநார்கள் இளகுகின்றன, எடை முன்னால் போகிறது, மூன்றும் ஒரே சீராக அசையாதபோது வலி வருகிறது, பிள்ளைக்கு இதனால் ஒன்றும் ஆகாது என்று விளக்கினார். சிகிச்சை நான் பயந்ததுபோல் ‘மடக்’ என்று நெட்டி முறிக்கும் ரகம் இல்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, வயிற்றுக்குக் கீழே ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, புட்டத்துத் தசைகளை முழங்கையால் மெதுவாக அழுத்தினார். என் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுக்கச் சொல்லி விலாப் பக்கத்தை நீட்டினார். வயிற்றில் கைவைக்கவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் “இப்போது இங்கே தொடப் போகிறேன், சரியா?” என்று கேட்டார்.

எழுந்து நடந்தபோது கால் லேசாக இருந்தது. அன்று இரவு தூங்கினேன். இரண்டு மூன்று நாளில் வலி திரும்பி வந்தது. அடுத்த தடவையும் அப்படித்தான். அவரே சொல்லிவிட்டார், பிரசவம் வரை முழுதாகப் போகும் என்று எதிர்பார்க்காதீர்கள், மோசமாகாமல் பார்த்துக்கொள்வோம் என்று. அந்த நேர்மைக்காகத்தான் தொடர்ந்து போனேன்.

எனக்கு எதையும் தோண்டிப் பார்க்கும் புத்தி. டெக்சாஸில் 400 கர்ப்பிணிகளை வைத்து நடத்தி 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு இருக்கிறது. கடைசி மூன்று மாதங்களில் சிலருக்கு ஆஸ்டியோபதி, சிலருக்கு அல்ட்ராசவுண்ட் கருவியை வைப்பதுபோல் பாவனை, மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட ஆஸ்டியோபதி பெற்றவர்களுக்கு வலி குறைவு. ஆனால் பாவனை சிகிச்சை பெற்றவர்களோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது ஒருவர் அரைமணி நேரம் நம் வலியைக் காதுகொடுத்துக் கேட்டு, அக்கறையாகக் கைவைப்பதே பாதி மருந்து. இதைப் படித்ததும் ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனாலும் போவதை நிறுத்தவில்லை. அந்த மாதங்களில் எனக்கு அந்தப் பாதி மருந்தும் தேவைப்பட்டது. இன்னொன்று, நைஸ் என்று சொல்லப்படும் இங்கத்திய வழிகாட்டு அமைப்பு 2021இல் இந்த வலிக்குப் பரிந்துரைத்தது பிசியோவின் உடற்பயிற்சி ஆலோசனையும் இடுப்புக்கான மென்மையான பெல்ட்டும்தான், ஆஸ்டியோபதி அல்ல. அதனால் பிசியோ வரிசையிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள். எனக்கு முறை வந்தபோது போனேன், இருவரும் சொன்னது முக்கால்வாசி ஒன்றுதான்.

உண்மையில் வலியைக் குறைத்தது அவர்கள் மாற்றச் சொன்ன சின்னச் சின்னப் பழக்கங்கள். பேண்ட்டை உட்கார்ந்துதான் போட வேண்டும். படுக்கையில் திரும்பும்போது முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தோளும் இடுப்பும் ஒன்றாக உருள வேண்டும், வெறும் இடுப்பை மட்டும் முறுக்கக் கூடாது. கார் சீட்டில் ஒரு பிளாஸ்டிக் பையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு காலையும் சேர்த்து வழுக்கிக்கொண்டே வெளியே திரும்பலாம். ஈஸ்ட் ஹாமில் அரிசி மூட்டை வாங்கிய பையை என் கணவர் காரிலேயே நிரந்தரமாகப் போட்டு வைத்திருந்தார். படியில் ஒவ்வொரு படியாக, ஏறும்போது வலி குறைவான கால் முதலில். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியைத் தள்ளுவதையும், வேக்யூம் கிளீனரைப் பக்கவாட்டில் இழுப்பதையும் கணவர் தலையில் கட்டுங்கள். நம் ஆட்களுக்கு இன்னொன்று: தரையில் சம்மணம் போட்டு உட்கார்வது. கர்ப்பத்தில் நல்லது என்று சொல்லித்தான் வளர்ந்தோம், வலி இல்லாதவர்களுக்கு நல்லதாகவே இருக்கட்டும். எனக்கு அது ஆகவில்லை. வளைகாப்பு அன்று மணையில் உட்காராமல் நாற்காலியில் உட்கார்ந்தேன், பெரியம்மா வீடியோ காலில் முகத்தைச் சுளித்ததையும் பார்த்தேன்.

ஆஸ்டியோபாத் சொன்னதில் என்றைக்கும் மறக்காத ஒன்று உண்டு. ஒன்பதாம் மாதம் ஒரு அளவுநாடாவை எடுத்து, மல்லாந்து சாய்ந்த நிலையில் முழங்கால்களை மெதுவாக விரிக்கச் சொன்னார். வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தி, இரண்டு முழங்கால்களுக்கும் நடுவே எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, அதை என் பிரசவத் திட்டத்தில் எழுதச் சொன்னார். காரணம் எளிது. முதுகில் எபிடியூரல் என்ற மரப்பு ஊசி போட்டுவிட்டால் வலி தெரியாது, அந்த நேரத்தில் காலை எவ்வளவு வேண்டுமானாலும் விரித்துவிடுவார்கள், மூட்டுக்கு ஏற்படும் சேதம் மறுநாள்தான் தெரியும். எபிடியூரல் போடும் முன்பே மிட்வைஃபிடம் அந்த அளவைச் சொல்லி, முடிந்தவரை அதற்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க வேண்டும். ஒருக்களித்துப் படுத்தோ மண்டியிட்டோ முக்குவது நல்லது. பிரசவ அறையில் என் கணவர் அந்தத் தாளை நீட்டியபோது மிட்வைஃப் ஆச்சரியப்படவில்லை, சரி என்று சொல்லி மற்றவரிடமும் சொன்னார். கடைசியில் வென்டூஸ் என்ற உறிஞ்சு கிண்ணத்தைப் பிள்ளையின் தலையில் வைத்து எடுக்க வேண்டி வந்தது, அப்போது அளவெல்லாம் பார்க்க நேரம் இல்லை, ஆனால் அதற்கு முந்தைய பல மணி நேரமும் என் கால்கள் அந்த அளவுக்குள் இருந்தன.

பிள்ளை பிறந்த அடுத்த வாரம் அம்மா வந்தாள். பெட்டியில் பாதி பிரசவ லேகியமும் பூண்டும், மீதி அப்பாவின் பழைய பருத்தி வேட்டிகள். வேட்டியைக் கிழித்து வயிறு கட்ட வேண்டும். “பச்ச உடம்புக்காரி, இப்ப கட்டலைன்னா தொந்தி அப்படியே நின்னுரும்.” நான் கட்டிக்கொண்டேன். இதமாகத்தான் இருந்தது, எழுந்து நடக்கும்போது முதுகுக்கு ஒரு பிடிமானம். அடுத்த தடவை ஆஸ்டியோபாத்திடம் சொன்னபோது அவர் தடுக்கவில்லை. ஆனால் மூச்சு முட்டும் அளவுக்கு மேல்வயிற்றைச் சுற்றி இறுக்கினால் உள்ளே அழுத்தம் கீழ்நோக்கிப் போகும், தையல் போட்ட இடத்துக்கும் இடுப்பின் அடித்தளத் தசைகளுக்கும் அது நல்லதல்ல, இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாக, கீழிருந்து தாங்குவதுபோல் கட்டுங்கள் என்றார். கட்டுவதால் தொந்தி கரையாது என்பதையும் சொன்னார். அதை அம்மாவுக்கு நான் மொழிபெயர்க்கவில்லை.

அம்மாவின் இன்னொரு சித்தாந்தம், முதுகில் ஊசி போட்டதால்தான் ஆயுளுக்கும் முதுகுவலி என்பது. நம்மில் பாதிப் பேர் இதை நம்புகிறோம். ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம், ஆனால் எபிடியூரல் நீண்டகால முதுகுவலியைக் கொடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிள்ளை பிறந்த பிறகு முதுகு வலிப்பதற்குக் காரணத்தை நான் தினமும் பத்துப் பன்னிரண்டு தடவை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பால் கொடுக்கும்போது பிள்ளையை மார்புக்குக் கொண்டுவராமல் நாம் குனிந்து மார்பைப் பிள்ளையிடம் கொண்டுபோகிறோம். கழுத்தும் தோளும் கல்லாகிவிடும். மடியில் தலையணை, காலுக்குக் கீழே ஒரு முக்காலி, முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பிள்ளைதான் மேலே வர வேண்டும். தையலும் வால் எலும்பு வலியும் இருந்த வாரங்களில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டே கொடுத்தேன், கொடுத்து முடித்ததும் பிள்ளையை அதன் தொட்டிலில் போட்டுவிடுவோம். உட்கார்ந்தே ஆக வேண்டிய நேரத்துக்கு, பின்பக்கம் வெட்டுவிட்ட மெத்தை ஒன்று வாங்கினேன், அது வால் எலும்பில் பாரம் விழாமல் காப்பாற்றியது.

கட்டைவிரலையும் சொல்லியாக வேண்டும். பிள்ளையை அக்குளில் கைகொடுத்துத் தூக்கும்போது கட்டைவிரல் விரிந்து மேலே நிற்கும், அந்த நிலையிலேயே பாரத்தைத் தாங்கும். இரண்டாம் மாதத்தில் எனக்கு மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் தோசைக்கரண்டியைக்கூடத் திருப்ப முடியாத வலி. உள்ளங்கை மேலே பார்க்க, பிள்ளையின் கீழே கையை நுழைத்து அள்ளுவதுபோல் தூக்குங்கள் என்று ஆஸ்டியோபாத் செய்து காட்டினார். இரவில் போட ஒரு மணிக்கட்டுப் பட்டையும் சொன்னார். மெல்லத்தான் குறைந்தது, ஆனால் குறைந்தது.

வயிற்றுத் தசை நடுவில் பிரிந்திருப்பதையும் அவர்தான் பார்த்தார். மல்லாந்து முழங்கால் மடக்கிப் படுத்து, தலையை மட்டும் சற்றுத் தூக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரலை வைத்துப் பார்க்க வேண்டும். வீட்டிலேயே பார்க்கலாம். பிரசவமாகி எட்டு வாரம் ஆன பிறகும் இடைவெளி தெளிவாகத் தெரிந்தால் ஜிபியிடம், அதாவது குடும்ப டாக்டரிடம், சொல்ல வேண்டும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் ஜிபி ஒரு பரிசோதனை செய்வார், அதில் பெரும்பாலும் பிள்ளையைப் பற்றியே பேச்சு போகும். உங்கள் உடம்பைப் பற்றிக் கேட்க வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

இதில் நம் பெண்கள் எழுதவே மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்த ஒன்று, இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவது. என் தோழிகள் மூன்று பேரிடம் நான் வாயைத் திறந்த பிறகுதான் அவர்களும் திறந்தார்கள், ஒருத்திக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, இன்னும் பேட் வைத்துக்கொண்டிருக்கிறாள். இதற்கு ஆஸ்டியோபதி அல்ல வழி. இடுப்பின் அடித்தளத் தசைப் பயிற்சிதான், அதுவும் பெல்விக் ஹெல்த் பிசியோவின் மேற்பார்வையில் குறைந்தது மூன்று மாதம். காற்று பிரிவதை அடக்குவதுபோல் பின்னிருந்து முன்னாக இறுக்கி, மேலே இழுத்து, பிடித்து, முழுதாக விட வேண்டும். மூச்சைப் பிடிக்கக் கூடாது, புட்டத்தை இறுக்கக் கூடாது. என் ஆஸ்டியோபாத் இதைப் பற்றிக் கேட்டார், இது என் வேலை இல்லை என்று சொல்லிக் கடிதம் எழுதி அனுப்பினார். பல இடங்களில் ஜிபி இல்லாமல் நாமே நேராகப் பதிவு செய்துகொள்ளவும் முடியும்.

எந்த ஆஸ்டியோபாத்திடமும் போகக் கூடாத நேரங்களும் இருக்கின்றன. இரத்தக்கசிவு, பனிக்குடம் உடைதல், பிள்ளையின் அசைவு குறைதல், கடுமையான தலைவலியோடு கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல் என்றால் மிட்வைஃபுக்கு உடனே போன். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால் இரத்தக்கட்டியாக இருக்கலாம், அதை யாரும் பிடித்துவிடக் கூடாது, அம்மாவின் தைலமும் கூடாது. தொடைகளுக்கு நடுவே மரத்துப்போய், சிறுநீர் வராமல் போனால் நேரே எமர்ஜென்சி. இவை பிரசவத்துக்குப் பின்னும் வரலாம்.

பிள்ளை விஷயத்தில் நான் கறார். அந்த கிளினிக்கின் வரவேற்பு அறையில் கிரேனியல் ஆஸ்டியோபதி என்று ஒரு சிற்றேடு இருந்தது. மண்டையோட்டு எலும்புகள் நுட்பமாக அசைகின்றன, அந்த அசைவைக் கையால் உணர்ந்து சரிசெய்யலாம் என்று ஸ்டில்லின் மாணவர் வில்லியம் சதர்லேண்ட் வளர்த்த கொள்கை அது. மாலையானால் என் பிள்ளை வீறிட்டு அழும், கோலிக் என்றார்கள். தெரிந்தவர்கள் எல்லாரும் கிரேனியல் கூட்டிக்கொண்டு போ, ஒரே தடவையில் நின்றுவிடும் என்றார்கள். கோலிக்கைக் குணப்படுத்தும் என்ற விளம்பரத்தை இந்த நாட்டின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பே போதிய ஆதாரம் இல்லை என்று ஏற்றுக்கொள்வதில்லை. கோலிக் பெரும்பாலும் மூன்று நான்கு மாதத்தில் தானாகவே போய்விடும், அந்த வாரத்தில் யார் எதைச் செய்திருந்தாலும் பெயர் அவருக்குத்தான். பிள்ளையின் வளர்ச்சியைக் கவனிக்கும் ஹெல்த் விசிட்டர் நர்ஸிடம் எடையைக் காட்டினேன், சரியாக ஏறியிருந்தது, பால் குடிப்பதும் சரி என்றார். அது போதும் எனக்கு. மாலை அழுகைக்கு அம்மா தோளில் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்கும் நடப்பாள், நான் அந்த நேரத்தில் தரையில் படுத்துக்கொண்டு என் இடுப்புப் பயிற்சியை முடித்துவிடுவேன். “அதுக்கும் அறுபத்தஞ்சு பவுனா?” என்று தாண்டிப் போகும்போது கேட்பாள்.